சிப்பிக்கு முங்கும் ஒருவருக்குச் சைனஸ் லிஃப்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலை ஒட்டிய பகுதியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். இங்கே பதிவு செய்வது 52 வயதான ஒரு கடல் தொழிலாளிக்குப் பல் பதிப்பதற்காக மேல்தாடை எலும்பை உயர்த்திய சைனஸ் லிஃப்ட் சிகிச்சை. முதல் வருகையிலிருந்து பல் பொருத்தி முடிக்க 19 மாதங்கள் ஆயின. இடையில் ஒரு பெரிய பின்னடைவு நேர்ந்தது. நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் அதற்குக் காரணம். அவருடைய சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் தவிர்த்து எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் மனைவியோடு வந்தார். இடப்பக்கம் மேலே முதல் கடைவாய்ப்பல்லை ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்திருந்தார்கள். அதற்கு அடுத்த பல் உடைந்து, வேர் மட்டும் ஈறுக்குள் நின்றது. வலப்பக்கமாகவே மென்று மென்று அந்தப் பற்களும் தேய்ந்திருந்தன. கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று முன்பே செய்து வைத்திருந்தாராம். எங்கே என்று கேட்டேன். “கடலில் போய்விட்டது சார்” என்றார். படகின் விளிம்பில் குனிந்தபோது வாயிலிருந்து நழுவியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். படிவத்தில் எங்கள் உதவியாளர் எழுதிய வரி இது: தொழில், மீன்பிடி. அந்த இரண்டு சொற்களையும் நான் மேற்கொண்டு துருவவில்லை.

கழற்றாத பல்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும். பீடி நாளுக்கு நாலைந்து என்றார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு என்று திருத்திச் சொன்னார்.

முதல் பரிசோதனையில் கண்டவை

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே, மேல்தாடை எலும்புக்குள் காற்று நிரம்பிய ஓர் அறை உண்டு. அதுதான் சைனஸ். பல் போனபின் கீழிருந்து எலும்பு கரையும், மேலிருந்து சைனஸ் இறங்கும். இருபுறமும் தண்ணீர் அரித்த வரப்பைப்போல இடையிலுள்ள எலும்பு மெலிந்துகொண்டே போகும். எலும்புக்குள் பதிக்கும் செயற்கைப் பல் வேரான இம்பிளாண்ட் நிற்க 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால் நல்லது. நாகர்கோவிலுக்கு அனுப்பி எடுத்த சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் இவருக்கு முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் 3.1 மில்லிமீட்டர்தான் இருந்தது.

அது மட்டுமில்லை. பின்னால் நின்ற வேரின் நுனியில் சீழ்ப்பை இருந்தது. அதற்கு நேர் மேலே சைனஸின் உட்சவ்வு 6 மில்லிமீட்டர் தடித்துக் கிடந்தது. ஆரோக்கியமான சவ்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உள்ளது. வலப்பக்கச் சைனஸ் சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் முதலில் பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். சைனஸின் தரையிலிருந்து ஓர் எலும்புத் தடுப்பும் எழும்பி, முன் அறை, பின் அறை என்று தரையை இரண்டாகப் பிரித்தது. 1910-இல் அண்டர்வுட் என்ற உடற்கூறியலாளர் விவரித்ததால் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படும் தடுப்பு இது. சவ்வைப் பிரிக்கும்போது கிழிசல் விழுவதற்கு இப்படிப்பட்ட தடுப்பு ஒரு முக்கியக் காரணம். பக்கச் சுவர் எலும்புக்குள் ஓடும் ரத்தக்குழாய் ஈறு விளிம்பிலிருந்து 13 மில்லிமீட்டர் உயரத்தில் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.6 என்று வந்தது.

முதல் முடிவு: காத்திருப்பது

அவர் உடனே செய்துவிடலாம் என்ற எண்ணத்தில் வந்திருந்தார். நான் மறுத்தேன். சீழ்ப்பிடித்த சைனஸுக்குள் எலும்புத் துகளை வைத்தால் துகளும் சீழ்ப்பிடிக்கும். 9.6 சர்க்கரையில் புண் எளிதில் ஆறாது. பீடிப் புகை ஈறுக்கு வரும் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். இந்த மூன்றும் மாற்றக்கூடியவை. தடுப்பும் எலும்புக் குறைவும் மாற்ற முடியாதவை. மாற்றக்கூடியதை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு மாற்ற முடியாததைச் சந்திப்போம் என்று ஏப்ரலிலேயே பேசி முடிவு செய்தோம்.

வேரை எடுத்தேன். சைனஸுக்குத் திறப்பு ஏதும் விழவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, சைனஸின் வடிகால் வாய் திறந்தே இருக்கிறது, நோயின் வேர் பல்லில்தான் என்று எழுதித் தந்தார். சர்க்கரைக்குப் பொது மருத்துவர் மருந்தை மாற்றினார்.

வேறு வழிகளையும் சொன்னேன். பக்கத்துப் பற்களைச் சீவிப் பாலம் கட்டலாம் என்றால் பின்னால் தாங்குவதற்குப் பல் இல்லை. குட்டை இம்பிளாண்ட் என்றால் அதற்கும் 3 மில்லிமீட்டர் போதாது. மறுபடியும் கழற்றும் செட், அல்லது அப்படியே விட்டுவிடுவது. அவர் இரண்டையும் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் மறு ஸ்கேன் எடுத்தோம். சவ்வு 1.5 மில்லிமீட்டராக இறங்கியிருந்தது. ஹெச்பிஏ1சி 7.4. பீடியை விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. இந்த முறை மனைவி தலையசைத்தார்.

அறுவை

செப்டம்பர் இரண்டாம் வாரம் சைனஸ் லிஃப்ட் செய்தோம். கன்னப்பக்க எலும்பில் சன்னல் வெட்டி, சவ்வைக் கிழியாமல் தரையிலிருந்து பிரித்து மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகளை நிரப்பும் முறை. பாய்ன், ஜேம்ஸ் இருவரும் 1980-இல் வெளியிட்டது. எலும்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருந்தால் இம்பிளாண்டுக்குத் துளையிடும் வழியாகவே கீழிருந்து தூக்கும் எளிய முறையைப் பார்த்திருக்கலாம். 3 மில்லிமீட்டரில் அது சரிப்படாது. அதே அமர்வில் இம்பிளாண்டையும் வைக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன். அவ்வளவு மெல்லிய எலும்பு அதைப் பிடித்து நிறுத்தாது.

மாட்டு எலும்பிலிருந்து தயாரிக்கப்பட்ட துகள் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினேன். அவருக்கு மறுப்பில்லை. சிலருக்கு இருக்கும். கேட்காமல் வைக்கக் கூடாது. அவருடைய ரத்தத்தை எடுத்து 12 நிமிடம் சுழற்றிப் பிரித்த, புண் ஆற உதவும் ஃபைப்ரின் கட்டியை நறுக்கித் துகளோடு கலந்தோம்.

தடுப்பு இருந்ததால் ஒரே பெரிய சன்னலுக்குப் பதில் முன்னும் பின்னுமாக இரண்டு சிறு சன்னல்கள் வெட்டினேன். ரத்தக்குழாய் மேலே இருந்ததால் சன்னலின் மேல் விளிம்பை அதற்குக் கீழேயே நிறுத்தினேன். மென்திசுவை வெட்டாமல் எலும்பை மட்டும் அதிர்வால் வெட்டும் பீசோ கருவியைப் பயன்படுத்தினேன். எலும்புத் தகடு விலகியதும் நீலம் படர்ந்த சாம்பல் நிறத்தில் சவ்வு தெரிந்தது, அவித்த முட்டையின் ஓட்டுக்கு அடியிலிருக்கும் தோலைப்போல. அவர் மூச்சை இழுக்கும்போது அது உள்வாங்கியது. விடும்போது மெல்லப் புடைத்தது. கிழியாத சவ்வு இப்படித்தான் அசையும். முன் அறையில் கடைசிவரை அசைந்தது.

பின் அறையில், தடுப்பின் சரிவிலிருந்து சவ்வைப் பிரிக்கும்போது ஓர் இடத்தில் அசைவு நின்றது. அடுத்த மூச்சில் ரத்தத்தில் ஒரு குமிழி வந்தது. 4 மில்லிமீட்டர் கிழிசல். பழைய சீழ்ப்பைக்கு மேலே இருந்த சவ்வு அது. தடிப்பு வற்றியிருந்தாலும் வலு திரும்பியிருக்கவில்லை. சைனஸ் லிஃப்டில் அதிகம் நேரும் சிக்கல் இந்தக் கிழிசல்தான். சிறிதாக இருந்தால் அறுவையை நிறுத்த வேண்டியதில்லை. சுற்றிலும் சவ்வை இன்னும் தளர்த்தி, கொலாஜன் படலத்தை ஒட்டுப்போட்டு, பின் அறையில் துகளைக் குறைத்து நிரப்பித் தைத்தேன்.

வீட்டுக்குப் போகும்போது அச்சிட்ட தாளைக் கொடுத்தோம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. விமானப் பயணம் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. இரண்டு வாரம் நீந்தக் கூடாது. ஒவ்வொன்றாக வாசித்தும் காட்டினோம். பத்தாம் நாள் தையல் பிரித்தேன். வீக்கம் வடிந்து, ஈறு நன்றாக மூடியிருந்தது.

இருபத்தைந்தாம் நாள்

அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் காலை, நாங்கள் கிளினிக்கைத் திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். இடக் கன்னம் வீங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். காய்ந்த ரத்தக் கறைக்கு நடுவே ரவையைப்போல வெள்ளைத் துகள்கள் ஏழெட்டு இருந்தன. மூக்கிலிருந்து வந்ததாம். அவை என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முந்தின நாள் சிப்பி எடுக்கப் போயிருக்கிறார். பாறையில் ஒட்டி வளரும் சிப்பியை மூச்சடக்கி முங்கிப் பெயர்த்தெடுப்பதுதான் அவருடைய தொழில். முப்பது ஆண்டுகளாக அதைச் செய்கிறார். மழைக்காலக் கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருந்தது. கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். ஐந்து பாகம் ஆழம். முதல் முங்கில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் கண்ணுக்குக் கீழே ஊசி குத்தியதுபோல வலித்தது. மேலே வந்தபோது முகக் கண்ணாடிக்குள் ரத்தம் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை முங்கினார்.

“நீந்தக் கூடாது என்று தாளில் போட்டிருந்ததே” என்றேன்.

“இரண்டு வாரம் முடிந்துவிட்டது சார். நீந்தவும் இல்லை, முங்கினேன்” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லிலும் பிழையில்லை. தாள்தான் அவரைப்போன்ற ஒருவரை நினைத்து எழுதப்படவில்லை.

என்ன நடந்தது

இதை விரித்துச் சொல்லியாக வேண்டும். ஐந்து பாகம் என்பது ஏறத்தாழ 9 மீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. மூடிய அறையிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். சைனஸின் வடிகால் வாய் நன்றாகத் திறந்திருந்தால் மூக்கிலிருந்து காற்று உள்ளே போய்ச் சமன் செய்துவிடும். அறுவைக்குப் பிந்தைய வீக்கத்தில் அந்த வாய் ஒடுங்கியிருந்தது. அதனால் உள்ளே உறிஞ்சல் ஏற்பட்டு, சவ்வு தன் இடத்திலிருந்து இழுபட்டது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் வலிக்கிறது. முங்குகிறவர்கள் இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஊதுவார்கள். காது திறக்கும். ஒரு முங்குக்கு மூன்று நான்கு தடவை, யோசிக்காமலே செய்யும் செயல் அது. மூக்கைச் சிந்தக் கூடாது என்று நாங்கள் எச்சரிப்பது எந்த அழுத்தத்துக்குப் பயந்தோ, அதைவிடக் கூடுதலான அழுத்தத்தை அவர் நான்கு முங்கிலும் அந்த ஒட்டுப்போட்ட சவ்வின்மேல் ஏற்றியிருக்கிறார். அது மூக்குச் சிந்துவதற்கு ஒப்பானது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடலில் போன பல் செட்டும் இப்படித்தான் போயிருந்தது. தண்ணீருக்கடியில் முகக் கண்ணாடிக்குக் கீழே வாயிலிருந்து நழுவியிருக்கிறது. ஏப்ரலில் “எப்படி?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தொழில் முழுவதும் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்த முடிவுகள்

ஸ்கேனில் பின் அறைத் துகள் சிதறி, இடையிடையே காற்றுக் குமிழிகளும் நீர்மட்டமும் தெரிந்தன. முன் அறை தடுப்புக்கு அப்பால் கலையாமல் இருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கிக் குழாயில் பார்த்து, வடிகால் வாயருகே ஒட்டியிருந்த துகள்களை உறிஞ்சி எடுத்தார்.

எல்லாவற்றையும் உடனே திறந்து எடுத்துவிடுவதா, மருந்து கொடுத்துப் பார்ப்பதா என்று இருவரும் பேசினோம். காய்ச்சல் இல்லை, கண்ணைச் சுற்றி வீக்கம் இல்லை, பார்வையில் மாற்றமில்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் காத்திருந்திருக்க மாட்டோம். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து, உப்பு நீரால் மூக்கு அலசல், ஐந்து நாளுக்கு மட்டும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து என்று தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் வந்து காட்டச் சொன்னேன். அவரும் தவறாமல் வந்தார்.

ஆறாம் நாளும் மூக்கில் நாற்றமுள்ள சளி வந்தது. அன்றே பின் சன்னலை மட்டும் திறந்தேன். தளர்ந்து கிடந்த துகள் முழுவதையும் சுரண்டி எடுத்து, உப்பு நீரால் கழுவினேன். முன் அறையைத் தொடலாமா என்பதுதான் கடினமான கேள்வி. ஒரு சைனஸில் பாதி சீழ்ப்பிடித்தால் மீதியையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் தடுப்பின் மேல் விளிம்பைத் தேடிப் பார்த்தேன். அங்கே சவ்வு கிழியாமல் இறுக ஒட்டியிருந்தது. முன் அறைத் துகளை முனை மழுங்கிய கருவியால் அழுத்தியபோது அசையவில்லை. விட்டுவிட்டேன். நாற்றம் தொடர்ந்தால் அதையும் எடுக்க வேண்டிவரும் என்று கணவன் மனைவி இருவரிடமும் சொல்லித்தான் விட்டேன். மூன்று நாளில் சளி தெளிந்தது. இரண்டு வாரத்தில் வீக்கம் முழுவதும் வடிந்தது.

கடலுக்குத் திரும்புவது

அடுத்த கேள்வியை அவர்தான் கேட்டார்: எப்போது முங்கலாம்? ஆறு மாதம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். எலும்பு இறுகவும் வடிகால் வாய் பழைய நிலைக்கு வரவும் அவ்வளவாவது வேண்டும் என்று நினைத்தோம். சொல்வது எளிது. சிப்பி கிடைக்கிற பருவத்தின் பெரும்பகுதி அதில் போய்விடும். அவர் பேசாமல் இருந்தார். மனைவிதான், இவர் படகில் இருந்து கயிறு பிடிக்கட்டும், அண்ணன் மகன் முங்கட்டும் என்றார். பங்கு குறையும். ஆனாலும் அப்படித்தான் செய்தார்கள். அந்த ஆறு மாத வருமான இழப்பை எங்கள் சிகிச்சைச் செலவுக் கணக்கில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மறு அறுவைக்கு நான் பணம் வாங்கவில்லை. அது அந்த இழப்புக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும்.

மறு ஆண்டு ஏப்ரலில் எடுத்த ஸ்கேனில் சைனஸ் சுத்தமாக இருந்தது. வடிகால் வாய் திறந்திருந்தது. முதல் நாள் ஒரு பாகம், பிறகு இரண்டு, வலித்தால் உடனே மேலே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வலி இல்லை. மே முடிவுவரை தொழிலுக்குப் போனார்.

பல் பொருத்தியது

முன் அறையில் எலும்பு 11 மில்லிமீட்டராக உயர்ந்திருந்தது. பின் அறை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அங்கே மறுபடியும் முயலலாம் என்றாலும், தழும்பேறிய சவ்வைப் பிரிப்பது இன்னும் கடினம். முதல் கடைவாய்ப்பல்வரை இருந்தால் மெல்லுவதற்குப் பெரும்பாலும் போதும். இரண்டாவது பல்லுக்காக இன்னொரு பெரிய அறுவை வேண்டாம் என்று நானே சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

ஜூன் மூன்றாம் வாரம், தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கி யாரும் சிப்பிக்குப் போகாத நாட்களில், 10 மில்லிமீட்டர் நீள இம்பிளாண்ட் ஒன்றை வைத்தேன். நன்றாகப் பிடித்தது. ஹெச்பிஏ1சி அப்போது 7.1. தண்ணீர் தெளிவதற்குள் ஈறு ஆறிவிட்டது. இந்த முறை ஒரு நாள் வருமானம்கூடப் போகவில்லை. நவம்பரில் மேல் பல்லைப் பொருத்தினோம்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

படிவத்தில் தொழில் என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது நேரில் கேட்கிறோம்: நாள் முழுவதும் உடம்பால் என்ன செய்வீர்கள்? மீன்பிடி என்று சொன்னால், வலையா, தூண்டிலா, முங்குவதா? காது திறக்க மூக்கைப் பொத்தி ஊதுவது உண்டா?

இப்படிக் கேட்கத் தொடங்கியபின் வேறு பலவும் வெளியே வந்தன. கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர் ஒருவர். தேவாலயத் திருவிழாக்களுக்கு பேண்ட் செட்டில் கிளாரினெட் ஊதும் இளைஞர் ஒருவர். தினமும் காலையில் மூக்கால் வேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதி செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியை. விடுப்பில் வந்து, மூன்று வாரத்தில் வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டிய வெல்டர். எல்லோருக்கும் மூக்குக்குள்ளோ வாய்க்குள்ளோ அழுத்தம் ஏறுகிறது, அல்லது வெளியே அழுத்தம் மாறுகிறது. தாளில் “மூக்கைச் சிந்தக் கூடாது” என்று மட்டும் போட்டால் இவர்களில் ஒருவருக்கும் அது தன்னைப் பற்றியது என்று தோன்றாது. ஆகவே தாளின் அடியில் இடம் விட்டு, அவரவர் செயலை அவரவர் சொல்லில் கையால் எழுதித் தருகிறோம். இவருடைய தாளில் “முங்கக் கூடாது, காது திறக்க ஊதக் கூடாது” என்று எழுதியிருக்கிறோம்.

அறுவையிலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். சீழ்ப்பிடித்த வேருக்கு மேலிருந்த சவ்வு ஸ்கேனில் மெலிந்து தெரிந்தாலும் அதை இப்போது நம்புவதில்லை. வேரை எடுத்தபின் நான்கு மாதம் போதும் என்றிருந்தேன். இப்போது ஆறு மாதம் விடுகிறேன். நோயாளிக்கு ஒரே பல் போதும் என்றால் அந்தப் பகுதிக்குள் போகாமலே முடித்துவிடுகிறேன். இவருக்கும் முதலிலேயே முன் அறையோடு நிறுத்தியிருக்கலாம்.

இப்போதைய நிலை

பல் பொருத்தி 14 மாதங்கள் ஆகின்றன. இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு விளிம்பு அரை மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது. சைனஸில் தொந்தரவு இல்லை. பீடி இல்லை என்கிறார், ஈறும் அதைத்தான் சொல்கிறது. சிப்பிப் பருவம் முழுவதும் முங்கினார்.

வலப்பக்கம் தேய்ந்திருந்த பற்களில் ஒன்று பிளந்து, எடுக்க வேண்டிவந்தது. அங்கே எலும்பு 6 மில்லிமீட்டர் இருக்கிறது. சன்னல் வெட்டாமல் கீழ்வழியாகவே தூக்கிவிடலாம். தேதி குறிக்கக் காலண்டரை எடுத்தேன். கடல் பொங்கட்டும் சார், ஜூனில் வருகிறேன் என்றார்.